தான்சானியாவுக்கு ஊழியத்துக்குக் கிளம்பும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு

ஞாயிறு ஆராதனையில் பெயர் வாசித்தாகிவிட்டது. சபை குருவான ஐயர் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டார். ‘இன்னார் மகன் ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போறானாம்’ என்று சேகரத்துச் சபைகள் முழுக்கப் பேச்சும் பரவிவிட்டது. ஆனால் எந்த ஊசி போட வேண்டும், பெட்டியில் என்ன வைக்க வேண்டும், போய் இறங்கிய முதல் வாரம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. வெள்ளைக்காரர்கள் எழுதிய கையேடுகள் நிறைய உண்டு. வாளித் தண்ணீரில் குளிப்பது எப்படி, குந்தி உட்காரும் கழிப்பறையைச் சமாளிப்பது எப்படி, கையால் சாப்பிடுவது எப்படி என்பதிலேயே அவற்றில் பாதிப் பக்கம் போய்விடும். நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் வளர்ந்த பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு? நமக்கு வருகிற சிக்கல்கள் வேறு.

நான் இருந்தது தான்சானியாவின் நடுவில், டொடோமா பக்கத்துக் கிராமங்களில். அதை வைத்தே எழுதுகிறேன். கென்யா, உகாண்டா போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ விடுதியிலோ சில மாதமோ ஓரிரு வருடமோ உதவி செய்யப் போகிறவர்களை மனதில் வைத்திருக்கிறேன். ஒரு வாரம் போய்க் கூட்டம் நடத்திவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இதில் அவ்வளவாக ஒன்றும் இல்லை.

மூன்று மாதம் முன்னாலேயே

முதலில் காகிதம். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வைத்திருப்பவர்கள் கடைசித் தேதியைப் பாருங்கள். போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று இருப்பது நம் பக்கம் சாதாரணம். அங்கிருந்து வரும் அழைப்புக் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

அடுத்தது விசா. ‘டூரிஸ்ட் விசாவுல போய்க்கிடலாம், யாரு பார்க்கப் போறா’ என்று சொல்லும் அண்ணாச்சி ஒருவர் எல்லாச் சபையிலும் இருப்பார். காதில் வாங்காதீர்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்துவதும் நோயாளி பார்ப்பதும் அந்த நாட்டுச் சட்டத்துக்கு விரோதம். மாட்டினால் நீங்கள் விமானம் ஏறி வந்துவிடுவீர்கள். உங்களை அழைத்த ஐயர்தான் அலுவலகம் அலுவலகமாக அலைவார். நெடுநாள் தங்குகிறவர்களுக்கு வாழிட அனுமதி வேண்டும். மிஷனரிகளும் தன்னார்வலர்களும் அதில் ‘சி’ வகுப்பில் வருவார்கள். அழைக்கும் திருமண்டலம்தான், அதாவது அந்தப் பேராயரின் நிர்வாகம்தான், அங்கிருந்து விண்ணப்பிக்கும். அவர்கள் கேட்கும் சான்றிதழ் நகல்களைத் தாமதிக்காமல் அனுப்புவதுதான் உங்கள் வேலை.

மூன்றாவது ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை எந்த டாக்டரும் போட்டுவிட முடியாது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னை கிண்டி கிங் நிலையம் அதில் ஒன்று. போட்ட பத்தாவது நாளிலிருந்து சான்றிதழ் செல்லும், ஆயுளுக்கும் போதும். ‘தான்சானியாவுக்கு இது கட்டாயமில்லையாமே’ என்று சிலர் சொல்வார்கள். நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாறி வந்தால் கதை வேறு. சான்றிதழ் இல்லாமல் திரும்புகிறவர்களை நம் நாட்டு விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பேசாமல் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே டைபாய்டு, மஞ்சள் காமாலை, டெட்டனஸ் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். மலேரியா மாத்திரையைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நான்காவது, எல்லோரும் தள்ளிப்போடுவது: சுவாஹிலி. டிக்கெட் போட்ட அன்றே ஆரம்பித்துவிடுங்கள். ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள், எழுதியபடியே வாசிக்கலாம். ஏறக்குறைய எல்லாச் சொல்லும் உயிரோசையில் முடிவதால் தமிழ் நாக்குக்கு லேசாக வரும். ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தபோது கையில் செயலியும் இல்லை, வீடியோ பாடமும் இல்லை. தமிழுக்கு இலக்கணம் எழுதும் அளவுக்குக் கற்றுக்கொண்டார். நமக்குச் சந்தையில் தக்காளி வாங்கும் அளவுக்காவது வர வேண்டாமா?

பெட்டி கட்டும்போது

1. பிளாஸ்டிக் கேரி பேக் ஒன்றுகூட வேண்டாம். தான்சானியாவில் 2019 ஜூன் 1 முதல் தடை. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நம் வீடுகளில் செருப்பிலிருந்து ஜெபப் புத்தகம் வரை கேரி பேக்கில் சுற்றித்தான் பெட்டியில் வைப்பார்கள். அம்மாவிடம் மஞ்சப்பை கேளுங்கள்.

2. மிளகாய்ப்பொடி, ஊறுகாய் எதுவும் கைப்பையில் வேண்டாம். பெரிய பெட்டியில் வையுங்கள். கொப்பரைத் தேங்காய் எதிலுமே கூடாது, தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். கருவாடு, விதை, செடி, கறிவேப்பிலைக் கன்று பக்கமே போகாதீர்கள்.

3. புளி, தேங்காய், இஞ்சி, வெங்காயம், பயறு வகை எல்லாம் அங்கே கிடைக்கும். கொண்டுபோக வேண்டியது சாம்பார்பொடி, ரசப்பொடி, கொஞ்சம் பெருங்காயம், ஒரு கட்டி கருப்பட்டி. இருமல் வரும்போது சுக்கும் கருப்பட்டியும் அருமை தெரியும்.

4. வீட்டுக்காரர்களுக்குப் பரிசு: அல்வா நெய் கசிந்து துணியெல்லாம் பாழாகும், தூத்துக்குடி மக்ரூன் போய்ச் சேரும்போது மாவாகியிருக்கும். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் தகர டப்பாவில் தாங்கும். நல்ல சுங்குடித் துணி கொடுத்தால் அந்த வீட்டு அம்மா வருடக்கணக்கில் கட்டுவார்.

5. மூன்று சதுர முள் கொண்ட இங்கிலாந்துப் பாணி பிளக்கிற்கான அடாப்டர், டார்ச், கொசுவலை, கெட்டியான செருப்பு, ஒரு ஸ்வெட்டர். ஆப்பிரிக்காவில் ஸ்வெட்டரா என்று சிரிக்காதீர்கள். டொடோமா ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலை இரவுகளில் நம் சாத்தான்குளத்து உடம்பு நடுங்கும்.

6. ஆண்கள் சாரம் (கைலி) கொண்டுபோகலாம், ஆனால் வாசல்படி தாண்டக் கூடாது. பெண்களுக்குச் சுடிதார் போதும். ஆலயத்துக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடையோ சேலையோ நல்லது. அங்கே போனதும் ஒரு கிட்டெங்கே துணி வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டால் கிராமத்தில் பாதிப் பார்வை குறையும்.

பணத்தை வங்கியிலோ அனுமதி பெற்ற மாற்றுநரிடமோ ரசீதோடு மாற்றுங்கள். கிழிந்த, கறைபட்ட, பழைய டாலர் நோட்டை அங்கே தொடவும் மாட்டார்கள்.

முதல் வாரம்: பேசாமல் வணக்கம் சொல்லுங்கள்

டார் எஸ் சலாமில் இறங்கினால் டொடோமாவுக்கு 2024 முதல் மின்சார ரயில் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதற்கு மேல் பஸ், அதற்கு மேல் பஜாஜி. நம் பஜாஜ் கம்பெனி ஆட்டோதான், பெயரே அப்படி ஆகிவிட்டது.

முதல் வாரத்துக்கு உங்களுக்கு ஒரே ஒரு வேலை: வணக்கம் சொல்வது. மூத்தவர் யாரைப் பார்த்தாலும் ‘ஷிகமோ’. அவர் ‘மரஹபா’ என்பார். அப்புறம் வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி, பயணம் எப்படி என்று ஒவ்வொன்றாகப் போகும். நடுவில் வெட்டிவிட்டு விஷயத்துக்கு வந்தால் முரட்டுப் பிள்ளை என்று அர்த்தம். ஒரு வீட்டு வாசலில் நின்று ‘ஹோடி’ என்று குரல் கொடுங்கள். ‘கரிபு’ என்று பதில் வந்த பிறகே உள்ளே கால் வையுங்கள். சபையார் ஒருவரை ஒருவர் பார்த்தால் ‘ப்வானா அசிஃபிவே’, பதிலுக்கு ‘ஆமென்’. நம் ‘ஸ்தோத்திரம் ஐயா’ மாதிரி. துக்கம், களைப்பு, கால் இடறல், மழையில் நனைந்தது எல்லாவற்றுக்கும் ‘போலே’ ஒன்று போதும்.

உங்களைக் ‘காக்கா’ என்று கூப்பிடுவார்கள், திகைக்காதீர்கள். அண்ணன் என்று அர்த்தம். காயல்பட்டினத்துக்காரர்களுக்கு இது புதிதே இல்லை. பெண்கள் ‘தாதா’. கல்யாணமான பெண்ணை மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து ‘மாமா யோஹானா’ என்பார்கள். வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

இன்னொன்றை முதல் நாளே தெரிந்துகொள்ளாவிட்டால் கூட்டத்தையும் பஸ்ஸையும் விட்டுவிடுவீர்கள். சுவாஹிலியில் மணிக்கணக்கு விடியற்காலையிலிருந்து தொடங்குகிறது. நம் ஏழு மணி அவர்களுக்கு ஒன்றாம் மணி. நம் பத்து மணி அவர்களுக்கு நாலு மணி. கைக்கடிகாரத்தில் முள் நம்முடையது போலத்தான் நிற்கும், சொல்லும்போதுதான் ஆறு குறையும். ‘நாளைக்கு நாலு மணிக்கு வாங்க’ என்று சுவாஹிலியில் சொன்னால் காலை பத்து மணிக்குப் போய் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னால் நம் கணக்கு. சந்தேகம் இருந்தால் காலையா மாலையா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்

தண்ணீரில்தான் நாள் விடியும். இருபது லிட்டர் மஞ்சள் டின்னில் குழாயடியிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ எடுத்து வர வேண்டும். சில இடங்களில் உப்புக் கரிக்கும். உடன்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விருந்தாளி என்று உங்களைத் தூக்கவிட மாட்டார்கள். இரண்டு நாள் பொறுத்துவிட்டு மூன்றாம் நாள் டின்னை நீங்களே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆண்பிள்ளை தண்ணீர் தூக்கினால் தெருவே சிரிக்கும், சிரிக்கட்டும். குழாயடியில் நிற்கும் அந்த அரை மணி நேரத்தில் கற்கும் சுவாஹிலி எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள், நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அடுப்பு பெரும்பாலும் கரி அடுப்பு. மூடிய அறைக்குள் அதை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது, எவ்வளவு குளிர் என்றாலும்.

பள்ளியில் போடுவார்களானால் ஒன்று தெரிந்திருங்கள். தொடக்கப் பள்ளி முழுக்க சுவாஹிலியில். உயர்நிலைப் பள்ளி வந்ததும் எல்லாப் பாடமும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் திணறியவர்களுக்கு அந்த முதல் வருடப் பிள்ளைகளின் முகம் நன்றாகப் புரியும். அவர்களுக்குத் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தால் நீங்கள் வந்ததற்குப் பலன் உண்டு. ஆஸ்பத்திரியானால் அங்கிருக்கும் நர்ஸ் அக்கா சொல்வதைச் செய்யுங்கள். உங்கள் பட்டம் பெரிதாக இருக்கலாம். எந்த நோயாளி எந்தக் கிராமத்திலிருந்து எத்தனை மைல் நடந்து வந்தார் என்று அவருக்குத்தான் தெரியும்.

வேலை இல்லாத நேரம் நிறைய இருக்கும். ஐயர் வரவில்லை, மழையில் பாலம் போய்விட்டது, சாவி வேறு ஊரில் இருக்கிறது. ‘ஊழியத்துக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கோமே’ என்று குடைச்சல் வரும். நம் சபையார் காணிக்கையில் வந்திருக்கிறோம் என்ற நினைப்பு வேறு. அதற்காக அவர்கள் கேட்காத கூட்டங்களை ஏற்பாடு செய்து ஊரை அலைக்கழிக்காதீர்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவர்களோடு பயறு உடையுங்கள். அங்கேயும் வேப்பமரம் உண்டு.

வீட்டுக்கு வாரத்தில் இரண்டு தடவை போன் போதும். நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள்; நம்மூரில் இரவு ஜெபம் முடிந்து எட்டரை மணி என்றால் அங்கே மாலை ஆறு. தினமும் வீடியோ காலில் அம்மா ‘என்னலே மெலிஞ்சிட்ட’ என்று அழுதால் மூன்றாம் வாரம் நீங்களும் அழுவீர்கள்.

தனி அடுப்பு மூட்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு தமிழர்கள் சேர்ந்து போனால் இரண்டாம் நாளே ஒரு குக்கர் விசிலடிக்கும். ரசம் வைப்பார்கள், பொரியல் வைப்பார்கள், கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் சிரித்துச் சாப்பிடுவார்கள். பக்கத்து வீட்டில் ஐயரம்மா உங்களுக்கென்று ஆக்கி வைத்த சோறு ஆறிக்கொண்டிருக்கும். இது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று நம் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள்.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தபோது நம் வெள்ளாளன்விளைக்காரர், பிற்பாடு பேராயரான அசரியா எழுந்து நின்று பேசியது இதைத்தான். ஏழைகளுக்கு உங்கள் உடைமையைக் கொடுத்தீர்கள், உடம்பைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். மேற்கத்திய மிஷனரிகளும் இந்திய ஊழியர்களும் ஒரே மேசையில் உட்காராத காலம் அது. கேட்ட இடத்தில் அன்று நம் ஆள் நின்றார். இன்று கதவைச் சாத்திக்கொண்டு ரசம் வைக்கும் இடத்தில் நாம் இருக்கிறோம்.

சாப்பாட்டில் நமக்கு என்ன கஷ்டம்? உகாலி என்பது களி. டொடோமாப் பக்கம் மக்காச்சோள மாவில் மட்டுமல்லாமல் கம்பு மாவிலும் சோள மாவிலும் கிண்டுவார்கள். நம் தாத்தாக்கள் சாப்பிட்ட அதே களி. சின்ன உருண்டையாக எடுத்துக் கட்டைவிரலால் ஒரு குழி வைத்துக் குழம்பைக் கோலி எடுக்க வேண்டும். ‘டகா’ என்று பொடிமீன் காய்ந்து வரும், நெத்திலிக் கருவாட்டுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தண்டுக்கீரையும் உண்டு, பெயர் ‘ம்ச்சிச்சா’. தேங்காய்ப்பாலில் வேகும் பயறைச் சாப்பிட்டால் சொதி ஞாபகம் வரும். கஷ்டப்படுத்துவது ஒன்றே ஒன்று: ‘ம்லெண்டா’ என்று வழுவழு கீரைக் குழம்பு. டொடோமாப் பக்கத்துப் பூர்வகுடிகளான கோகோ மக்களுக்கு அது உயிர். முதல் வாய் இறங்காது. வெண்டைக்காயை நினைத்துக்கொண்டு இறக்குங்கள். மாதம் திரும்பும்போது நீங்களே கேட்டு வாங்குவீர்கள். காரம் மட்டும் இருக்காது. மிளகாயைத் தனியாக வைப்பார்கள், எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பிடும் முன் வீட்டுப் பிள்ளை செம்பும் தட்டமுமாக வந்து கையில் தண்ணீர் ஊற்றும். வலது கையை மட்டும் பயன்படுத்துங்கள். முதலில் பெரியவர் கை வைக்கட்டும். கோழி அடித்திருந்தால் உங்களுக்காக அடித்தது. ‘நான் சைவம்’ என்று அங்கே போய்ச் சொல்வதானால் அழைப்புக் கடிதம் வரும் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள் நீங்கள் சமையுங்கள், அவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு. சாம்பார் தோற்றுப்போகும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். சப்பாத்தி ஜெயிக்கும், அதை அவர்கள் நம்மைவிட நன்றாகப் போடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

ஆராதனை மூன்று மணி நேரம் போகலாம். கொயர் ஒன்றல்ல, வாலிபர், தாய்மார், பெரியவர் என்று வரிசையாக வரும். புதிதாக வந்தவரை எழுப்பி நிறுத்துவார்கள். மூன்றே வாக்கியம் சுவாஹிலியில் பாடம் செய்துவைத்துக்கொள்ளுங்கள்: பெயர், ஊர், நம் சபையாரின் வாழ்த்து. போதும், உட்கார்ந்துவிடுங்கள். பிரசங்கம் கேட்டால் நம்மூரில் எடுக்கும் நேரத்தில் பாதி பேசுங்கள். மொழிபெயர்ப்பு அதை இரட்டிப்பாக்கிவிடும்.

காணிக்கையாகப் பணம் இல்லாதவர்கள் முட்டை, கோழி, கரும்பு, சோளம் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்கு வெளியே ஏலம். நம் அறுப்பின் பண்டிகை ஏலம் பார்த்தவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கேளுங்கள், எடுங்கள், ஆனால் வெளிநாட்டுப் பணத்தை வைத்து விலையைத் தூக்கிவிடாதீர்கள். ஒரு பூசணிக்காயை எடுத்து அங்கிருக்கும் வயதான பாட்டி யாருக்காவது கொடுங்கள்.

ஊரில் முஸ்லிம் வீடுகள் கலந்தே இருக்கும். ஒரே குடும்பத்தில் இரண்டு மதமும் இருக்கும். அவர்கள் அதைத் தாங்களாகவே நடத்திக்கொள்கிறார்கள்; நம்மூர் வாட்ஸப்பில் வரும் சண்டையை அங்கே எடுத்துப் போகாதீர்கள்.

நம் வாய்

பிள்ளை பிறந்ததும் ‘கலரா இருக்கா?’ என்று கேட்கிற ஊரிலிருந்து போகிறோம். அது நாக்கில் ஊறிப்போயிருக்கிறது. விமானம் ஏறும் முன்பே அதைக் கழற்றிவைக்க வேண்டும். தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள். முகம் எல்லா மொழியிலும் புரியும். தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது, பிள்ளைகளின் நிறத்தைப் பற்றி வேடிக்கை பேசுவது, சினிமாவில் கறுப்பினத்தாரைக் காட்டும் கோமாளித்தனத்தை நினைத்துச் சிரிப்பது எதுவும் வேண்டாம்.

உங்களை அவர்கள் ‘ம்ஹிந்தி’ என்பார்கள், இந்தியர் என்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பெயருக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட இந்தியத் தொழிலாளிகளைக் கொண்டுவந்தார்கள். குஜராத்தி வணிகர்கள் ஊர் ஊராகக் கடை போட்டார்கள். 1972-ல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் துரத்தினார். ஆக, ம்ஹிந்தி என்றால் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர், நம்மோடு சேர்ந்து சாப்பிடாதவர் என்றுதான் கிராமத்தில் பலருக்கு எண்ணம். அதை நீங்கள் பேசி மாற்ற முடியாது. சேர்ந்து சாப்பிட்டால் கொஞ்சம் மாறும்.

இன்னொன்று எழுதக் கசக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். குழுவில் நம் ஜில்லாக்காரர்கள் இருந்தால் முதல் ராத்திரியே ‘எந்த ஊரு, எந்தத் தெரு, யாருக்குச் சொந்தம்’ என்று வேர் தோண்டும் வேலை தொடங்கிவிடும். அந்தக் கேள்வி எதற்கு என்று நம் எல்லோருக்கும் தெரியும். கடல் தாண்டிப் போய்ச் சுவிசேஷம் சொல்கிற இடத்தில் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து உட்கார்ந்தால் அங்கிருப்பவர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், ‘ஏன் உங்களுக்குள் பேசுவதில்லை?’ என்று நேராகவே கேட்பார்கள். குழுத்தலைவர் இதை வீட்டிலிருந்து கிளம்பும் முன் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

பணம்

நம் போன் பரிவர்த்தனை அங்கே வேலை செய்யாது. பாஸ்போர்ட்டும் கைரேகையும் கொடுத்து உள்ளூர் சிம் வாங்குங்கள். எம்-பெசா மாதிரிக் கைப்பேசிப் பணம் கருவாட்டுக்காரியிடம்கூடச் செல்லும்.

உதவி கேட்டு வருவார்கள். பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு, கூரை. எல்லாம் உண்மையான தேவையாகத்தான் இருக்கும். தனித்தனியாகக் கையில் கொடுக்காதீர்கள். ஒருவருக்குக் கொடுத்தால் கொடுக்காத பத்து வீட்டுக்கும் ஐயர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சபைப் பொருளாளரிடம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், யாருக்குப் போக வேண்டும் என்று அவர்களே முடிவு செய்யட்டும். ‘ஊருக்குப் போய் அனுப்பி வைக்கேன்’ என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். அந்த வாக்கை நம்பி ஒரு பிள்ளை அடுத்த தவணைக்குக் காத்திருக்கும். கைப்பிடி அரிசி எடுத்துவைத்து உங்களை அனுப்பிய தாய்மார்களுக்குச் சில்லறை வரை கணக்கு எழுதுங்கள்.

ஜெபக் கடிதம்

மாதம் ஒரு கடிதம் சபைக்கு எழுதச் சொல்வார்கள். ‘இருண்ட கண்டத்திலிருந்து எழுதுகிறேன்’ என்று ஆரம்பித்தால் அதைக் கிழித்துப் போடுங்கள். அங்கே சூரியன் நம்மூரைப் போலவே கொளுத்துகிறது.

இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1841 முதல் இருந்தார், நமக்கு எவ்வளவோ செய்தார். ஆனால் 1849-ல் பனையேறும் நம் மக்களைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். இங்கிலாந்தில் காணிக்கை கொடுப்பவர்கள் வாசிக்க எழுதியது. இங்கே யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற காலம். மிஷனரிகளின் பள்ளிக்கூடத்திலேயே படித்து வந்த அடுத்த தலைமுறை அதை வாசித்தது, கொதித்தது. கடைசியில் அவரே நூலைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. உங்களுக்கு அடுத்த தலைமுறைவரை அவகாசம் இல்லை. வாட்ஸப்பில் போட்ட கடிதத்தை அன்று சாயங்காலமே யாராவது கைப்பேசியில் மொழிபெயர்த்து வாசித்துவிடுவார்கள்.

அதனால் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை ஐயரம்மாவுக்கு வாசித்துக் காட்ட முடியுமா? முடியாது என்றால் அனுப்பாதீர்கள். நோயாளியின் பெயர், வியாதி, அழுகிற பிள்ளையின் படம் எதுவும் வேண்டாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள். பிள்ளை என்றால் அதன் தாயைக் கேளுங்கள். காவல் நிலையம், ராணுவ முகாம், அரசு அலுவலகம் பக்கம் கேமராவையே தூக்காதீர்கள். பின் என்னதான் எழுதுவது? மழை வந்ததா, கம்பு விளைந்ததா, கொயர் என்ன பாட்டுப் பழகுகிறது, யார் உங்களுக்கு என்ன கற்றுத்தந்தார்கள். நம் சபையாருக்கு விவசாயம் தெரியும், ஆர்வமாகவே வாசிப்பார்கள். ஜெபக் குறிப்பில் அவர்கள் நமக்காக என்ன ஜெபித்தார்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள்.

உடம்பும் திரும்பி வருவதும்

மலேரியா நம்மூரில் ஏறக்குறைய மறந்துபோன வியாதி. அங்கே இருப்பது ஆளையே எடுத்துவிடக்கூடிய ஃபால்சிபாரம் வகை. டாக்டர் எழுதித் தரும் தடுப்பு மாத்திரையைக் கிளம்பும் முன்பே ஆரம்பித்து ஒரு நாளும் விடாமல் எடுங்கள். டாக்சிசைக்ளின் கொடுத்தால் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், தொப்பி போடுங்கள். பொழுது சாய்ந்ததும் முழுக்கை, இரவில் வலை. காய்ச்சல் வந்தால் ‘பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம்’ என்று காத்திருக்கக் கூடாது. அன்றே பக்கத்து மருந்தகத்துக்குப் போனால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கொஞ்ச நேரத்திலேயே சொல்லிவிடுவார்கள், மாத்திரையும் கையோடு கிடைக்கும். போடா போடா என்னும் வாடகை பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள். இருட்டிய பிறகு ஏறவே வேண்டாம்.

கிளம்பும்போது வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வர ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஒரு வீட்டை விட்டாலும் குறையாகப் பேசுவார்கள். உங்கள் ஸ்வெட்டர், செருப்பு, டார்ச் எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள், ஐயரம்மா கையால்.

திரும்பி வந்ததும் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். பத்து நிமிடம் போதும். கேட்டவர்கள் ‘பாவம் அவங்க’ என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனால் நீங்கள் தவறாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

மாத்திரையை ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். டாக்சிசைக்ளின் என்றால் இன்னும் நான்கு வாரம் எடுக்க வேண்டும். அடுத்த சில மாதங்களில் எப்போது காய்ச்சல் வந்தாலும், அது ஆலயத்து அசன விருந்து முடிந்த மறுநாளாகவே இருந்தாலும், ‘மழைக்காலக் காய்ச்சல்தான்’ என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போய் உட்கார்ந்ததும் தான்சானியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள். நம்மூர் டாக்டருக்கு அது தானாகத் தோன்றாது.